துணை வாசல்

தன் வீட்டுக்கு வரவே இல்லை என்று பெர்க்மான்ஸ் மூன்று வருடமாகச் சத்தியம் செய்துகொண்டிருந்த கடிதம், அவன் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே கிடைத்தது.

டிஸ்க்கில் இடம் இல்லை என்று மிஷின் காலையிலிருந்து முனகிக்கொண்டிருந்தது. பழைய குப்பையை அள்ளிப் போடலாம் என்று உட்கார்ந்தவன் ‘தோணி’ என்ற ஃபோல்டரைப் பார்த்தான். அந்த வீட்டில் முன்பு ஓடிய மெயில் சர்வர் புரோகிராமின் பெயர் அது. தோணியை எடுத்துவிட்டுச் ‘சுக்கான்’ என்ற புரோகிராமைப் போட்டு மூன்று வருடம் ஆகிறது. ஃபோல்டருக்குள் ‘வரிசை’ என்று இன்னொரு ஃபோல்டர். அதற்குள் ஒரே ஒரு கடிதம். கப்பல் கம்பெனி அனுப்பியது.

‘தங்கள் சகோதரர் இஞ்ஞாசி பணியின்போது தலையில் அடிபட்டுத் துறைமுக மருத்துவமனையில் நினைவின்றி உள்ளார். செயற்கை மூச்சை நிறுத்த மருத்துவர்கள் பரிந்துரைத்துள்ளனர். ஆட்சேபம் இருந்தால் ஐந்து நாட்களுக்குள் தெரிவிக்கவும்.’

இரண்டு தடவை படித்தான். எழுந்து போய்ச் செம்புத் தண்ணீரை முழுசாகக் குடித்தான். திரும்பி வந்து கடிதத்தின் தேதியைப் பார்த்தான். ஜூலை பதினான்கு, காலை பத்து ஐம்பத்திரண்டு.

அந்தக் காலை அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இதே நாற்காலியில் சவரிமுத்து உட்கார்ந்திருந்தார். தூத்துக்குடியில் பாதி வீடுகளுக்கு மெயில் சர்வர் போட்டுக் கொடுத்தவர். கடுங்காப்பி வாங்கிக் குடித்துக்கொண்டே, “பத்தே நிமிசம்டே, தோணியத் தூக்கிட்டுச் சுக்கானைப் போட்டுருவேன்” என்று பீற்றிக்கொண்டார். சொன்னபடி பத்தே நிமிடத்தில் முடித்தார்.

என்ன நடந்தது என்று இப்போது பெர்க்மான்ஸுக்கு விளங்கிவிட்டது. கடிதம் வந்தபோது சவரிமுத்து கடிதப் பெட்டியைப் பூட்டி வைத்து நகல் எடுத்துக்கொண்டிருந்தார். தோணி கடிதத்தை வாங்கிக்கொண்டது. ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கம்பெனிக்குப் பதில் சொல்லிவிட்டது. பெட்டி திறக்கட்டும் என்று கடிதத்தை வரிசையில் நிறுத்தியது. அது திறப்பதற்குள் சவரிமுத்து தோணியை நிறுத்திவிட்டுச் சுக்கானை ஓட விட்டார். புதிய தபால்காரனுக்குப் பழைய தபால்காரன் பையில் என்ன கிடக்கிறது என்று தெரியாது. புரோகிராமை மாற்றும் முன் பழைய வரிசையைக் காலி செய்ய வேண்டும். இந்தத் தொழிலின் அரிச்சுவடி அது. இருபது வருட அனுபவஸ்தர் அதைச் செய்யவில்லை.

கடிதம் இங்கே படுத்துக் கிடந்தது. ஆறாம் நாள் அங்கே அண்ணனின் மூச்சை நிறுத்தினார்கள்.

பெரிய கம்பெனிகள் இலவச மெயிலை எல்லாம் மூடிய பிறகு வந்தது அந்தச் சட்டம். வீட்டுக்கு ஒரு மெயில் சர்வர் கட்டாயம். ஜனங்கள் அதை வாசல் என்றார்கள், சட்டத்துக்கும் அதுவே பெயராகிப் போனது. அண்ணன் செத்த பிறகு வாசல் தீர்ப்பாயத்தில் பெர்க்மான்ஸ் போய் நின்றபோது, அங்கிருந்த எழுத்தர் பொறுமையாகத்தான் விளக்கினார்.

“உங்க வாசல் ‘பெற்றுக்கொண்டேன்’னு சொல்லியிருக்கு சார்.”

“அது மிஷின் சொன்னது. நான் சொல்லல.”

“வாசல் சொன்னா வீட்டுக்காரர் சொன்ன மாதிரி. அஞ்சு நாள் பேசாம இருந்தா சம்மதம். இல்லன்னா ஊர்ல ஒருத்தன் நோட்டீசு வாங்குவானா? எல்லாரும் வரலன்னுதான் சொல்லுவான்.”

“எனக்கு வரல சார்.”

“மாத்திக் குடுத்தவர் என்ன சொல்லுதாரு?”

மாற்றிக் கொடுத்தவர் பக்கத்திலேயே நின்றார். பின்னால் பெஞ்சில் அண்ணன் மனைவி ரீத்தா மதினி உட்கார்ந்திருந்தாள். சவரிமுத்து தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்: “என் வேலையில பிசகு வராதுய்யா. இவன் நைட் ஷிப்ட் முடிச்சு வந்து தண்ணியப் போட்டுட்டுக் கெடப்பான். கண்ணு தெரியாம அவனே அழிச்சிருப்பான்.”

அதோடு தீர்ந்தது. தீர்ப்பில் ஒரு வரி எழுதினார்கள்: ‘சகோதரர் அறிந்தே மௌனம் காத்தார்.’

மதினி அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். மாடியில் அவள், கீழே இவன், ஒரே வீடு; வாசல் மட்டும் இவன் பெயரில். உள்படிக்கட்டுக் கதவை அவள் பக்கம் தாழ்போட்டாள். வெளியே இரும்பில் ஒரு ஏணிப்படி வைத்துக்கொண்டாள். கோயில் வாசலில் யாராவது கேட்டால் சொல்வாள்: “‘அறிந்தே’ன்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்துட்டு. இனி நான் என்னத்தச் சொல்ல? வீட்டுல பாதி வேணும்னா வாய்விட்டுக் கேட்டிருக்கலாம்.” மூன்று வருடம் அவனிடம் ஒரு சொல் பேசவில்லை. அவன் குடியை விட்டான், ஷிப்ட் வேலையையும் விட்டான். அவளுக்கு அதுவும் குற்றவாளியின் லட்சணமாகவே பட்டது.

இப்போது கடிதம் கையில் இருக்கிறது. ஆனால் உபயோகமில்லை. அதையும் அன்றைக்கே எழுத்தர் சொல்லியிருந்தார். “நாளைக்கு என் மிஷின்ல கெடைச்சுதுன்னு எதையாவது தூக்கிட்டு வராதீங்க. உங்க மிஷின்ல நீங்களே எழுதி வைக்கலாம். மாத்துனவர் தானா வந்து ‘என் தப்பு’ன்னு எழுதிக் குடுத்தா மட்டுந்தான் கேஸை மறுபடி எடுப்போம்.”

“எழுதிக் குடுப்பாங்களா?”

எழுத்தர் சிரித்தார். “எந்த ஊர்ல சார் குடுத்திருக்கான்?”

அன்று சாயங்காலம் பெர்க்மான்ஸ் சவரிமுத்துவின் கடைக்குப் போனான். மூன்று வருடத்தில் முதல் தடவை. சவரிமுத்து திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

“வாடே. என்ன அதிசயமா இருக்கு?”

“ஒண்ணு கேக்கணும் அண்ணாச்சி. அன்னைக்கு எங்க வீட்டுல மாத்துனீங்களே, பழைய வரிசையைக் காலி பண்ணுனீங்களா?”

சவரிமுத்துவின் கை மேஜை மேல் எதையோ தேடியது. “எதுக்குக் கேக்கே?”

“சும்மா.”

“மூணு வருஷத்துக்கு முந்துன வேலையெல்லாம் ஞாபகம் இருக்குமாடே? கடையில கெடக்க வேலைக்கு…” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. முகத்தில் வியர்த்திருந்தது.

பெர்க்மான்ஸுக்கு அது போதும். பொய் சொல்கிற முகத்தை அவன் அடையாளம் கண்டுகொண்டான். வீட்டுக்கு நடந்து வரும்போதே தீர்மானித்துவிட்டான். கையை முறிப்பது, கடையைக் கொளுத்துவது எல்லாம் வேண்டாம். இந்த மனுஷனுக்கு வர வேண்டிய ஒரு கடிதம், இவர் உயிராய் நினைக்கிற ஒன்றைச் சுமந்து வருகிற கடிதம், எங்கேயாவது ஒரு வரிசையில் படுத்துக் கிடக்க வேண்டும். ஐந்து நாள். அப்புறம் இவரும் போய் நின்று, வரல சார், வரல சார் என்று சொல்லட்டும்.

ஐப்பசி மழை அதற்கு வழி செய்தது. தெருவில் முழங்காலளவு நின்ற தண்ணீர் சவரிமுத்துவின் வீட்டுக்குள் புகுந்து கம்ப்யூட்டரைக் கொன்றது. திங்கட்கிழமை அவர் குடையோடு பெர்க்மான்ஸ் வீட்டு நடையில் வந்து நின்றார்.

“என் வாசல் செத்துட்டுடே. புது போர்டு வரப் பத்து நாளாகுமாம். அதுவரைக்கும் எனக்கு வாறதெல்லாம் உன்கிட்டதான் வந்து நிக்கும்.”

ஒரு வீட்டு வாசல் படுத்துவிட்டால், அந்த வீட்டுக் கடிதங்களைப் பக்கத்தில் ஒரு வீடு வாங்கி வைக்க வேண்டும். துணை வாசல் என்று பெயர். துணை வாசல் வாங்கினாலும் வீட்டுக்காரர் வாங்கியதாகவே கணக்கு. நன்றாக இருந்த காலத்தில் பெர்க்மான்ஸும் சவரிமுத்துவும் ஒருவருக்கொருவர் துணையாகப் பதிந்திருந்தார்கள். விரோதமான பிறகும் மாற்றவில்லை. மாற்ற வேண்டுமென்றால் இருவரும் சேர்ந்து போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குச் சேர்ந்து நடந்து போக வேண்டும்.

“தெனமும் சாயங்காலம் பென் டிரைவ் கொண்டு வாறேன். வந்தத அதுல போட்டுக் குடு” என்றார் சவரிமுத்து. போகத் திரும்பியவர் நின்றார். “முக்கியமா ஒண்ணு எதிர்பாக்கேன்.”

“என்னது?”

“வரட்டும். வந்த பிறவு உன்கிட்டதான் மொதல்ல சொல்லுவேன்.”

என்னதென்று பெர்க்மான்ஸுக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும். மில்லர்புரத்துக்காரர் ஒருவர் சவரிமுத்து மேல் புகார் கொடுத்திருந்தார், உரிமம் ஆடிக்கொண்டிருந்தது. உரிமம் போனால் மனுஷன் திருப்புளியைத் தொட முடியாது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. சரியாகப் பதினொரு மணிக்குக் கடிதம் வந்தது. அனுப்புநர்: வாசல் தீர்ப்பாயம். பெறுநர்: சவரிமுத்து. துணை வாசலுக்கு உறை மட்டும்தான் தெரியும், உள்ளே இருப்பது பூட்டு. சுக்கான் அதை வாங்கி வரிசையில் நிறுத்தியது. ‘பெற்றுக்கொண்டேன்’ என்று தீர்ப்பாயத்துக்குச் சொன்னது.

பெர்க்மான்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சுக்கானை நிறுத்தினான். ‘நங்கூரம்’ என்று ஒரு புதிய புரோகிராம் ஆறு மாதமாகப் புழக்கத்தில் இருந்தது, எல்லோரும் நல்லதாகச் சொன்னார்கள். அதை இறக்கினான். கடிதப் பெட்டிகளை அதற்குக் காட்டினான். தன் பெயரையும், துணையாகச் சவரிமுத்துவின் பெயரையும் பதிந்தான். ஓட விட்டான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கடுங்காப்பிதான் இல்லை.

சுக்கானின் வரிசையைக் காலி செய்யவில்லை.

சாயங்காலம் சவரிமுத்து வந்தார். திரையைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார். “நங்கூரம் போட்டுட்டியா?”

“சுக்கான் மக்கர் பண்ணுச்சு அண்ணாச்சி.”

“தனியாவே மாத்துனியா? பரவால்லடே.” பென் டிரைவைச் செருகினார். கரண்ட் ஆபீசு கடிதம் ஒன்று, புடவைக் கடை விளம்பரம் இரண்டு. அவ்வளவுதான். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்: “மாத்தும்போது… பழைய வரிசையைக் காலி பண்ணிட்டியா?”

“உங்ககிட்டப் பாத்துப் படிச்சவன்தானே அண்ணாச்சி.”

சவரிமுத்து பென் டிரைவைக் கழற்றிப் பையில் போட்டார். ‘எங்கே, காட்டு’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஃபோல்டரைத் திறந்து காட்டியே ஆக வேண்டும். அவர் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை அவனிடம் கேட்க அவருக்கு முகமில்லை என்பதை பெர்க்மான்ஸ் பார்த்தான். பார்க்க நன்றாக இருந்தது.

அவர் போன பிறகு சுக்கானின் ஃபோல்டரைத் திறந்து உறையைப் பார்த்தான். புதன்கிழமை காலையில் மறுபடி பார்த்தான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பார்த்தான். புண்ணை நோண்டுவதைப் போல அது பழகிப் போனது. ஒவ்வொரு தடவையும் உறை அப்படியே கிடந்தது. ஒவ்வொரு தடவையும் அவனுக்குள் எதுவோ ஒன்று சப்புக்கொட்டியது.

வியாழக்கிழமை வினோதமாக ஒன்று நடந்தது. வெளியே இரும்பு ஏணிப்படியின் கடைசிப் படியில் ஒரு எவர்சில்வர் கிண்ணம் இருந்தது. மூடியைத் திறந்தான். சீலா மீன் குழம்பு. உள்படிக்கட்டுக் கதவு தாழ் போட்டுத்தான் இருந்தது, வைத்தவள் வைத்துவிட்டு ஏறிப் போயிருக்கிறாள். அண்ணன் நினைவு நாளா என்று யோசித்தான். இல்லை. குழம்பைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டான். அண்ணன் இருந்தபோது வைத்த அதே குழம்பு, புளி கொஞ்சம் தூக்கலாக. கிண்ணத்தைக் கழுவித் திருப்பி வைக்கத் தோன்றவில்லை, அடுப்பு மேடையிலேயே இருந்தது.

வெள்ளியும் சனியும் சவரிமுத்து வந்தார். “இன்னைக்கும் வரலியாடே?” “வரல அண்ணாச்சி.” சனிக்கிழமை அவர் கிளம்பாமல் கொஞ்ச நேரம் நடையில் நின்று தெருத் தண்ணீரைப் பார்த்தார். “கவர்மெண்டு வேலை” என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு போனார்.

ஞாயிறு காலை பதினொன்றுக்கு ஐந்து நாள் முடிந்தது. தீர்ப்பாயத்தில் ஞாயிறு விடுமுறை கிடையாது, உத்தரவு எழுதுவது மிஷின். பதினொன்று ஒன்றுக்கு நங்கூரத்தில் ஒரு கடிதம் விழுந்தது. பெர்க்மான்ஸ் நிமிர்ந்தான். பெறுநர் சவரிமுத்து மட்டுமல்ல. பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் அவனுக்கும் ஒரு நகல்.

உரிமத்தில் தனக்கு என்ன பாதிப்பு என்று யோசித்துக்கொண்டே திறந்தான்.

‘இஞ்ஞாசி மரண வழக்கை மறுபடி எடுக்கக் கோரி, வாசல் பணியாளர் சவரிமுத்து தானாக அளித்த வாக்குமூலம்: அன்று அந்த வீட்டில் தோணியை மாற்றும் முன் நான் வரிசையைக் காலி செய்யவில்லை. என் வேலைக் குறிப்பேட்டைப் பார்த்து இப்போது உறுதியானது. பெர்க்மான்ஸ் கடிதத்தைப் பார்த்திருக்க வழியில்லை. நான் அன்று சபையில் சொன்னது பொய். தீர்ப்பாயத்தின் உத்தரவு: இவ்வாக்குமூலத்தை ஐந்து நாட்களுக்குள் உறுதிசெய்யுமாறு சவரிமுத்துவுக்கு அனுப்பிய கடிதம் அவரது துணை வாசலில் பெறப்பட்டது. அவர் உறுதிசெய்யவில்லை. வாக்குமூலம் திரும்பப் பெறப்பட்டதாகக் கொண்டு மனு தள்ளுபடி. பழைய பதிவு நிலைக்கும். ஆட்சேபம் இருந்தால் ஐந்து நாட்களுக்குள் தெரிவிக்கவும்.’

வாக்குமூலத்தின் தேதி, அவன் கடைக்குப் போய்க் கேள்வி கேட்ட நாளுக்கு மறுநாள்.

மத்தியானம் சவரிமுத்து வந்தார். குடை இல்லை, பென் டிரைவும் இல்லை. தீர்ப்பாயத்துக்கே போய்ப் பிரிண்ட் வாங்கிய உத்தரவு சட்டைப் பையில் நனைந்திருந்தது. உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தார்.

“உன் வாசல் வாங்கியிருக்கு. செவ்வாக்கெழமை பதினொண்ணு.”

பெர்க்மான்ஸ் நாற்காலியைத் திரைப் பக்கமாகத் திருப்பிக்கொண்டான்.

“நீ அன்னைக்குத்தான் நங்கூரம் போட்டே.” சவரிமுத்து திரையைக் கையால் காட்டினார். “மறந்துட்டியாடே? மறந்திருந்தா ஒண்ணுமில்ல. ஒரு ஆட்சேப மனு போதும். வந்து மிஷினப் பாப்பானுவ, அது நேரத்தோட குறிச்சு வச்ச லாக்கை எடுப்பானுவ, கடிதாசி வரிசையில கெடக்கும். மறதின்னு எழுதிட்டு கேஸை எடுத்துருவானுவ. நான் பண்ணுன அதே தப்பு. ரெண்டு முட்டாப்பயலுவன்னு சிரிச்சிட்டுப் போவானுவ.”

பெர்க்மான்ஸ் லாக்கை நினைத்தான். ஐந்து நாளில் அந்த ஃபோல்டரைப் பதினேழு தடவை திறந்திருக்கிறான். ஒவ்வொன்றுக்கும் நேரம் விழுந்திருக்கும். லாக்கை அழிக்கலாம். அழித்த நேரமும் லாக்கில் விழும்.

“மறக்கல அண்ணாச்சி.”

சவரிமுத்து நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தான். அவர் மெல்லத் தலையாட்டினார்.

“நான் மறந்தேன். அப்புறம் பயந்து பொய் சொன்னேன். நீ மறக்கவே இல்ல.”

“உங்க உரிமக் கடிதாசின்னு நெனச்சேன்.”

“உரிமமா? அது போன மாசமே போயிட்டு. நாந்தான் வெளிய சொல்லல.” எழுந்தார். “வேணும்னு மறிச்சா ரெண்டு வருஷம் உள்ள. உன்ன மாட்டிவிட்டு உனக்கே நல்லது பண்ண எனக்கு வழி தெரியல. அதனால நான் ஆட்சேபம் போட மாட்டேன். போடுறதா இருந்தா நீயே போடு. அஞ்சு நாள் இருக்கு.”

நடையில் செருப்பை மாட்டும்போது சொன்னார்: “எழுதுறது ஒண்ணும் கஷ்டமில்லடே. எழுதிட்டு நானும் ரெண்டு நாள் தூங்கல. ஆனா செத்துப் போகல.” பிறகு, “ரீத்தாகிட்ட நான் வாக்குமூலம் எழுதுனத மட்டும் போன வாரம் சொன்னேன். அழுதா. மிச்சத்த நீதான் சொல்லணும்.”

அப்போதுதான் பெர்க்மான்ஸுக்குக் குழம்பின் காரணம் புரிந்தது.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அவன் ஆட்சேப மனுவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ‘மேற்படி கடிதத்தை நான்’ என்று எழுதுவான். அதற்கு மேல் ஒரு வினைச்சொல் வேண்டும். மறந்தேன் என்று எழுதினால் லாக் பொய் என்று சொல்லும். மறித்தேன் என்று எழுதினால் சிறை. சிறையைக்கூட அவன் பெரிதாக நினைக்கவில்லை. புருஷன் பெயருக்கு மூன்று வருடம் கழித்து வந்த நியாயத்தைக் கொழுந்தனே ஐந்து நாள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு சாகடித்தான் என்று மாடியில் இருப்பவள் படிப்பாள். ‘அறிந்தே’ என்று இனி அவள் கோயில் வாசலில் சொல்ல வேண்டியிருக்காது. இவனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பான்.

சவரிமுத்துவின் மேல் கோபம் வந்தது. பொய் சொன்னதற்கு இல்லை. எழுதிக் கொடுத்ததற்கு.

வெள்ளிக்கிழமை காலை பத்து ஐம்பதுக்கு உள்படிக்கட்டில் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. மூன்று வருடமாகத் திறக்காத கதவு, துரு கிறீச்சிட்டது. மதினி படியில் இறங்கி வந்தாள். தலைமுடி பாதி நரைத்திருந்தது. அவன் அதை இத்தனை பக்கத்தில் பார்த்ததில்லை.

“கிண்ணத்த எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

அவன் அடுப்பு மேடையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். குழம்பு காய்ந்து விளிம்பில் ஒட்டியிருந்தது.

“கழுவக்கூட இல்ல பாரு” என்றாள். திட்டுவது போல இல்லை. வீட்டு ஆள் ஒருத்தனைச் சொல்வது போல இருந்தது. கிளம்பாமல் நின்றாள். கண் கம்ப்யூட்டர் பக்கம் போனது.

“பெர்க்மான்ஸ்.”

“ம்.”

“தீர்ப்பாயத்துலேருந்து ஏதோ கடிதாசி வரும்னு சவரி அண்ணன் சொன்னாரு. வந்துச்சா?”

திரையில் மனு திறந்திருந்தது. ‘மேற்படி கடிதத்தை நான்’. மூலையில் கடிகாரம் பத்து ஐம்பத்திநாலு காட்டியது. இன்னும் ஒரே ஒரு வார்த்தை, அப்புறம் ஒரு பொத்தான்.

“ஒண்ணும் வரல மதினி.”

அவள் தலையாட்டினாள். “வரும். மூணு வருஷம் இருந்தாச்சு, இன்னும் கொஞ்சம் இருந்தா என்ன?” கிண்ணத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியேறினாள். பாதியில் நின்று, “ராத்திரி சாளை மீன் பொரியல். ஒனக்கும் வைக்கேன்” என்றாள். மேலே போனாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் சத்தம் கேட்கவில்லை.

பெர்க்மான்ஸ் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பதினொன்று ஒன்றுக்கு இறுதி உத்தரவு வந்தது. நங்கூரம் அதை வாங்கியது. ‘பெற்றுக்கொண்டேன்’ என்று அவன் சார்பில் சொன்னது. நல்ல புரோகிராம்தான், ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் பெட்டியில் கொண்டுவந்து போட்டது. உத்தரவில் புதிதாக எதுவும் இல்லை. பழைய பதிவையே திருப்பி எழுதியிருந்தார்கள்.

‘சகோதரர் அறிந்தே மௌனம் காத்தார்.’

இந்தத் தடவை அதில் பிழை இல்லை.